கையில் இருக்கும் பணம், கணக்கில் தெரியும் பணம்

காரைக்காலில் வெளிநாடு என்று பேச்சை எடுத்தால் முதலில் வருவது பிரான்சுதான். நிரவியோ, நெடுங்காடோ, திருமலைராயன்பட்டினமோ, எந்தப் பக்கம் விசாரித்தாலும் ஒருவருடைய அத்தை பாரீசில் இருப்பார், இன்னொருவருடைய பெரியப்பா மகன் சார்செல்லில் இருப்பார். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அப்போது கொடுத்த ஆறு மாத அவகாசத்தில் எழுதிக் கொடுத்து ‘நேஷனாலிட்டி’யைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று அங்கிருந்து, “லீவுக்கு வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்களேன்” என்று இங்குள்ள சொந்தங்களைக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிட்டவுடன் கிளம்பிவிட முடிவதில்லை. விசா மனுவில் ‘செலவுக்கு என்ன ஏற்பாடு’ என்ற இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி மாட்டுகிறவர்களில் பாதிப் பேராவது வசதியானவர்களாக இருப்பதுதான் வேடிக்கை. காவிரி டெல்டாக்காரர் சொத்து நிலத்தில் கிடக்கும், பீரோவில் நகையாக இருக்கும், சீட்டில் ஓடிக்கொண்டிருக்கும், யாரிடமோ கைமாற்றாக நிற்கும். வங்கிக் கணக்கில் மட்டும் நாலாயிரம் ரூபாய்தான் இருக்கும். விசா அதிகாரிக்குத் தெரிவது அந்த நாலாயிரம் மட்டுமே. உண்மையில் இருக்கும் வருமானத்தை அவர் கண்ணுக்குத் தெரியும்படி காகிதத்தில் கொண்டுவருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

வீட்டில் யாருக்கு என்ன பாஸ்போர்ட்

மற்ற ஊர்க்காரர்களுக்கு எழாத கேள்வி இது. காரைக்காலில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் இருப்பது சகஜம். பாட்டி பிரெஞ்சுப் பிரஜை, அவர் வளர்த்த தங்கை மகன் இந்தியப் பிரஜை என்று இருக்கும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவருக்குப் பிரான்சு போக விசாவும் வேண்டாம், பணச் சான்றும் வேண்டாம்.

பிரெஞ்சுப் பிரஜையைக் கல்யாணம் செய்துகொண்ட இந்தியருக்கு விசா வேண்டும், ஆனால் அதற்குக் கட்டணம் இல்லை. கேட்கும் ஆவணங்களும் குறைவு. அந்தச் சலுகைக்கு இங்கே பதிவு செய்த திருமணம் மட்டும் போதாது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு துணைத் தூதரகம் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். குடும்பப் பதிவுப் புத்தகமான ‘லிவ்ரே’ கையில் இருந்தால் அதன் நகலை மேலே வையுங்கள். மற்றபடி அண்ணன், தம்பி, அத்தை, மாமா எல்லோரும் பிரெஞ்சு அரசின் கணக்கில் சாதாரணச் சுற்றுலாப் பயணிகள்தான். எத்தனை நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் இனி வரும் விதிகள் அவர்களுக்கு முழுதாகப் பொருந்தும்.

ஒரு நாளைக்கு எத்தனை யூரோ

ஒரே விசா செல்லும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று தொகை அறிவித்திருக்கின்றன. பிரான்சில் இது தங்கும் இடத்தைப் பொறுத்தது. ஹோட்டல் முன்பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ. முன்பதிவு எதுவும் இல்லையென்றால் 120 யூரோ. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கு அந்த ஊர் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம், கொடுத்த அழைப்புச் சான்று இருந்தால் 32.50 யூரோ.

மகள் வீட்டில் 60 நாள் தங்கப் போகும் ஒரு தாய்க்கு 60 பெருக்கல் 32.50, ஆக 1,950 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,95,000 ரூபாய். அதே தாய் அழைப்புச் சான்று இல்லாமல், ஹோட்டலும் போடாமல் 60 நாள் என்று எழுதினால் 7,200 யூரோ, அதாவது ஏழு லட்சத்துக்கு மேல். நாளைக் குறைத்தாலே கணக்கு இறங்கிவிடும். முதல் முறை போகிறவர்கள் ‘அதிகபட்சம் 90 நாள் கொடுக்கிறார்கள், முழுசா போட்டுடுவோம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். 90 நாளுக்கான பணமும் காட்ட வேண்டும், 90 நாள் ஊர் வேலையை விட்டுவிட்டு இருக்க முடிவது எப்படி என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். 30 அல்லது 40 நாள் கேளுங்கள்.

இந்தத் தொகை குறைந்தபட்சம்தான். விமான டிக்கெட்டும் காப்பீடும் இதற்குள் அடங்காது. ஷெங்கன் முழுவதற்கும் செல்லுகிற, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது.

மேரியில் வாங்கும் அழைப்புச் சான்று

‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்று பிரான்சிலிருந்து போனில் சொல்வார்கள். அழைக்கிறவர் தாம் குடியிருக்கும் ஊரின் மேரிக்கு நேரில் போய் மனுக் கொடுத்து வாங்க வேண்டிய தாள் அது. சொந்த வீடா வாடகை வீடா என்பதற்கான பத்திரம், மின்கட்டண ரசீது, அடையாள அட்டை, வருமானச் சான்று எல்லாம் எடுத்துப் போக வேண்டும். 30 யூரோவுக்கு வரி முத்திரை ஒட்ட வேண்டும். மனுவை நிராகரித்தாலும் அந்தப் பணம் போனது போனதுதான். வீட்டில் இடம் போதுமா என்று ஆள் அனுப்பிப் பார்க்கவும் மேரிக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ‘நாலு பேரா வாங்க, எங்க வீட்டிலேயே படுத்துக்கலாம்’ என்று இரண்டு அறை வீட்டுக்காரர் சொன்னால் கொஞ்சம் யோசிக்கவும்.

அசல் தாள் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படத்தை நம்பி இருக்காதீர்கள். பாரீஸ் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் அசலைக் கேட்பார். தபால் வருவதற்கு நாள் விட்டு, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அவர்களை மேரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்தத் தாள் இருந்தால் உங்கள் பணச் சான்று தேவையில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. வருகிறவரால் முடியாமல் போனால் தங்கும் செலவை நான் ஏற்கிறேன் என்று அழைப்பவர் அதில் கையெழுத்துப் போடுகிறார், உண்மைதான். ஆனால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவரால் கையெழுத்துப் போட முடியாது. அதற்கான சாட்சி உங்கள் ஊர் வருமானமும் உங்கள் ஊர்ப் பொறுப்புகளும்தான். அழைப்பவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வரி அறிக்கையும் கூடவே இருந்தால் நல்லது. உங்கள் காகிதங்களுக்கு அவை துணை, மாற்று அல்ல.

பாஸ்புக் சொல்லும் கதை

விசா அலுவலகத்தில் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கைக் கேட்கிறார்கள். ஆறு மாதம் கொடுப்பது நல்லது. வங்கி மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். கிளையில் கூட்டமாக இருந்தால் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மட்டும் குத்தித் தருவார்கள்; நின்று கேட்டு வாங்குங்கள். ‘இந்தத் தேதியில் இவ்வளவு இருப்பு’ என்ற ஒற்றைத் தாள் சான்றிதழ் மட்டும் போதாது. வரவு செலவு ஓட்டம் தெரிய வேண்டும்.

அதிகாரி அந்தத் தாளை எப்படிப் படிக்கிறார் என்று பார்ப்போம். ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3: ஏடிஎம்மில் 1,000 எடுப்பு, இருப்பு 412. மார்ச் 19: எரிவாயு மானியம் வரவு. ஏப்ரல் 9: வரவு 4,50,000. ஏப்ரல் 11: விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட். இதைப் பார்க்கும் யாருக்கும் நான்கரை லட்சம் வேறு யாருடைய பணம் என்று கேட்கத் தோன்றும். விசா கிடைத்த மறுநாள் அது வந்த வழியே போய்விடும் என்றும் தோன்றும். இதைவிட 80,000 ரூபாய் இருப்போடு, மாதாமாதம் 25,000 வந்து 18,000 செலவாகும் கணக்கு எத்தனையோ மேல்.

நகையை அடகு வைத்து இருப்பை உயர்த்துவது நம் பக்கத்தில் பிடித்தமான வழி. அதில் ஒரு சங்கடம். வங்கியில் வைத்தால் வரவுக்கு நேரே ‘கோல்டு லோன்’ என்றே அச்சாகியிருக்கும். செல்வத்தைக் காட்டுவதாக நினைத்துக் கடனைக் காட்டியதாக முடியும். வட்டியும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

திடீர் வரவு உண்மையிலேயே நியாயமானதாக இருக்கலாம். மனை விற்ற பணம், முதிர்ந்த எல்ஐசி பாலிசி, பதிவு பெற்ற நிறுவனத்தில் எடுத்த சீட்டு, ஓய்வூதிய நிலுவை என்று எதுவாகவும் இருக்கட்டும். அப்படியானால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் போட்டு, அதே எண்ணில் கிரயப் பத்திர நகலையோ பாலிசி கடிதத்தையோ பின்னால் இணையுங்கள். பெயரில்லாத வரவு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய பணத்துக்கும் இதேதான். ‘குடும்பச் செலவுக்கு மகன் அனுப்புவது’ என்று ஒரு வரி போதும்.

இன்னொரு பொறி நம் வட்டத்துக்கே உரியது. வருமானத்துக்குச் சான்று வேண்டும் என்றதும் பிள்ளையின் உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்த வருமானச் சான்றிதழைச் சிலர் கட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் ஆண்டு வருமானம் எழுபதாயிரம் என்று இருக்கும். வங்கிக் கணக்கில் ஏழு லட்சம் ஓடியிருக்கும். முகவரிச் சான்றாகச் சிவப்பு ரேஷன் கார்டு நகலை வைப்பதும் அதே ரகம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சிவப்பு அட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது என்று அந்தத் தூதரகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். அவர்களும் இங்கேதான் கடைவீதிக்குப் போகிறார்கள். முகவரிக்கு ஆதார் போதும்.

விவசாயி, படகுக்காரர், கடைக்காரர்

மாதச் சம்பளக்காரருக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதிக் கடிதம், வருமான வரி அறிக்கை. அவ்வளவுதான். அரசு ஊழியர் துறையின் தடையின்மைச் சான்றையும் வாங்கிவிட வேண்டும்.

சிக்கல் விவசாயிக்குத்தான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. அதனால் பலரிடம் வரி அறிக்கையும் இல்லை. வரவு ஆண்டில் இரண்டு மூன்று முறை மொத்தமாக வரும். சம்பா அறுத்து நெல் போட்டால் தை, மாசியில் ஒரு தொகை. உளுந்து, பயறு எடுத்தால் பங்குனியில் இன்னொன்று. தெரியாதவர் கண்ணுக்கு இது மேலே சொன்ன திடீர் வரவு போலவே இருக்கும். அதனால் நெல் வியாபாரியிடம் ரொக்கமாக வாங்காமல் கணக்கில் போடச் சொல்வது முதல் வேலை. பயணம் அடுத்த ஆண்டுதான் என்றாலும் இந்த ஆண்டே தொடங்குங்கள். இரண்டு ஆண்டு ஒரே மாதத்தில் ஒரே அளவு பணம் வந்திருந்தால், அது அறுவடைப் பணம் என்று கணக்கே பேசும்.

பட்டா நகலைப் புதுச்சேரி அரசின் நிலமகள் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தளத்தில் தேடினால் கிடைக்காது. மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களிலும் நிலம் உள்ளவர்கள் இரண்டிடத்திலும் எடுக்க வேண்டியிருக்கும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தேவை. மா, குழி, வேலி என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதாவது 40 ஏர். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏர் நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். வடிவம் இப்படி இருக்கலாம், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிக்கொள்ளுங்கள்:

“நான் திருநள்ளாறு பகுதியில் 1.6 ஹெக்டேர் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறேன். பட்டா, இணைப்பு 3. சம்பா நெல் விற்ற பணம் 2,05,000 ரூபாய் பிப்ரவரி 14 அன்று என் கணக்கில் வந்தது. இணைப்பு 5, பக்கம் 2. சென்ற ஆண்டும் இதே மாதத்தில் இதே வழியில் வந்தது. ஏப்ரல் 20 முதல் மே 25 வரை என் மகள் வீட்டில் தங்க விரும்புகிறேன். ஜூன் மாதத்தில் காவிரி நீர் வந்ததும் குறுவைக்கு நாற்றுவிட நான் ஊரில் இருக்க வேண்டும்.”

கடைசி வாக்கியம்தான் இதில் உயிர். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. விசா அதிகாரிக்குச் சொன்னால்தான் தெரியும். நீங்கள் திரும்பி வருவதற்கான காரணம் உங்கள் வயலில் இருக்கிறது. ‘நான் நிச்சயம் திரும்பி வருவேன் என உறுதி கூறுகிறேன்’ என்று பத்து வரி எழுதுவதைவிட இது கனமானது.

மீனவர் குடும்பங்களுக்குக் காலக் கணக்கு வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர் ஊரைவிட்டு நகர அதுதான் தோதான நேரம். ஆனால் தடை தொடங்கிய பிறகு மனுக் கொடுத்தால் கணக்கில் வரவு நின்றுபோன மாதங்கள் தெரியும். தொழில் நடக்கும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். படகின் பதிவுச் சான்று, டீசல் ரசீதுகள், மீன் ஏலத்தில் வாங்கும் வியாபாரி பணம் போட்ட விவரம் ஆகியவை உங்கள் சம்பளச் சீட்டுகள். தடை எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். விவசாயிக்குக் குறுவை எப்படியோ உங்களுக்கு அது அப்படி.

கடை வைத்திருப்பவர்கள் ரொக்க வியாபாரத்தை அப்படியே வீட்டுச் செலவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். குறைந்தது ஆறு மாதம், வாரம் ஒருமுறையாவது கல்லாப் பணத்தைக் கணக்கில் கட்டி வாருங்கள். கடை உரிமம், ஜிஎஸ்டி இருந்தால் அதன் பதிவு, வரி அறிக்கை மூன்றும் வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம் பெரிய தலைவலி தரும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிவாக, வங்கியில் முன்னெழுத்து மட்டும், பட்டாவில் தாத்தா பெயரும் சேர்ந்து என்று உங்கள் பெயர் மூன்று விதமாக இருக்கும். மூன்று பெயரும் ஒருவருடையதே என்பதற்கு நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி இணைத்துவிடுங்கள். துபாய் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

புதுச்சேரியில் மனுக் கொடுக்கும் நாள்

பிரான்சு விசா மனுக்களை வாங்கும் மையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. காரைக்காலிலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக நாலு மணி நேரம். காலை அப்பாயின்ட்மென்ட் என்றால் முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனுக் கொடுக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் கைரேகை பதிய நேரில் வர வேண்டும். டிக்கெட் முன்பதிவு போதும். விசா வரும் முன் பணம் கட்டி வாங்காதீர்கள். அதற்காக ஏஜென்ட் தரும் ‘டம்மி டிக்கெட்’டையும் வாங்காதீர்கள். பயணப் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் பொய் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு பொய்க் காகிதம் உண்மையான மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்.

ரீயூனியன் தீவில் சொந்தம் உள்ளவர்கள் ஒன்று கவனிக்கவும். அது பிரான்சின் பகுதிதான், ஷெங்கன் பகுதியல்ல. அங்கே போவதென்றால் மனுவிலேயே அதைச் சொல்லி அதற்குரிய விசா வாங்க வேண்டும்.

இறங்கும் இடத்தில்

விசா ஒட்டியாயிற்று என்றால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று பொருளல்ல. எல்லைக் காவலர் மறுபடியும் அதே நான்கைக் கேட்கலாம்: எங்கே தங்குகிறீர்கள், எதற்கு வந்தீர்கள், செலவுக்கு என்ன, திரும்பும் டிக்கெட் எங்கே. அழைப்புச் சான்றின் அசல், காப்பீடு, திரும்பும் டிக்கெட், பணத்துக்கான ஆதாரம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஊறுகாய்ப் பாட்டிலோடு பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அது உங்களுக்கு முன்னால் வராது. பிரெஞ்சு தெரியாத பெரியவர்கள் அழைப்பவரின் முகவரியையும் போன் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கை

திருச்சியில் ஏறி இந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு விதி எளிது. ஆனால் கேள்வி விமான நிலையத்திலேயே வரும். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. புறப்படுவதற்கு முன்னான மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே முதல் அப்படி ஓர் அட்டை உண்டு. அங்கே ஆளுக்கு 20,000 பாட்டுக்குச் சமமான பணம் காட்டக் கையில் இருந்தால் தைரியமாகப் போகலாம். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். 30 சிங்கப்பூர் டாலர் கட்டணத்தோடு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகப் போட வேண்டும். துபாயில் 3,000 திர்ஹம், ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட் மூன்றும் கேட்கப்படலாம்.

திருச்சியில் நம் குடியேற்ற அதிகாரிகளே சிலரை நிறுத்திவிடுகிறார்கள் என்ற குறை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. சுற்றுலா விசாவில் போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய தமிழ் இளைஞர்களை 2022 முதல் மீட்டுவர வேண்டியிருந்தது. அதனால் தனியாகப் போகும் இளைஞரிடம் ஹோட்டல் எங்கே, எத்தனை நாள், பணம் எவ்வளவு என்று கேட்பார்கள். தடுமாறினால் சந்தேகம் கூடும். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’, அதாவது வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி தேவை, என்று இருக்கும். மலேசியா, தாய்லாந்து, அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். சுற்றுலாவாகப் போனால் அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. செல்லுபடியாகும் விசாவும் திரும்பும் டிக்கெட்டும் இருந்தால் போதும். விசா விலக்கில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைக் கட்டாயம் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கு நமக்குப் பக்கத்தில் கப்பலே இருக்கிறது. 2023 தொடக்கத்தில் காரைக்காலிலிருந்து காங்கேசன்துறைக்குப் படகு என்றுதான் பேச்சு ஓடியது. ஒருவழியாக 2023 அக்டோபர் 14 அன்று அது நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலுடன் மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடாது. டிக்கெட் போடும் முன் விசாரியுங்கள். கப்பலில் போனாலும் விதி விமானத்துக்குள்ளதுதான்: ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், இணையத்தில் முன்கூட்டியே வாங்கிய ஈடிஏ அனுமதி, திரும்பும் டிக்கெட், தங்கும் நாளுக்குப் போதுமான பணம். யாழ்ப்பாணத்துக்கு நல்லூர் திருவிழா சமயத்தில் போகிறவர்கள் தங்கும் இடத்தை முன்னாலேயே உறுதிசெய்துவிடுங்கள்.

எடுத்துப் போகும் பணம்

ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டாக எடுத்துப் போக முடியாது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். வாங்குவதற்கு பான் எண் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கி வழியாகத்தான். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை கையில் இருக்கலாம். உரிமம் பெற்ற பணமாற்றுநரிடம் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரசீதே எல்லையில் பணச் சான்று. தெரிந்தவரிடம் ஐந்து ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய யூரோவுக்கு ரசீது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். உங்களிடம் அவ்வளவு இருக்காது. ஆனால் ஒரு குடும்பத்தின் பணம் முழுவதும் ஒரே பையில் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

மறுத்துவிட்டால்

மறுப்புத் தாளில் காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். உங்களுக்குப் பொருந்தும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். நம் மனுக்களில் அதிகம் கவனிக்க வேண்டியவை மூன்று: செலவுக்குப் போதுமான பணத்துக்குச் சான்று இல்லை, பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை, விசா முடியும் முன் திரும்புவார் என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது. முதல் கட்டத்தில் குறி இருந்தால் மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்காமல், மூன்று நான்கு மாதம் கணக்கை ஒழுங்காக ஓடவிட்டுப் புதிதாக மனுக் கொடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்திருந்தால் 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள பிரெஞ்சு விசாத் துறைக்குப் பிரெஞ்சில் மேல்முறையீடு எழுதலாம். மறுமுறை மனுக் கொடுக்கும்போது முதல் மறுப்பை மறைக்காதீர்கள். அது அவர்கள் கணினியில் இருக்கிறது.

கிடைத்தவர்களுக்கு இனி வருவது பயன்படும். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகையை ஏற்றது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டுக்கான பல்முறை விசா, அதன் பின் பாஸ்போர்ட் காலம் இருந்தால் ஐந்து ஆண்டு விசா கிடைக்கலாம். ஒழுங்காகப் பயன்படுத்தினோம் என்பதை முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை சொல்லும். அந்த முத்திரைக்குப் பதிலாக முகமும் கைரேகையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. உள்ளே போன நாள், வெளியே வந்த நாள் இரண்டுக்கும் உங்கள் பக்கத்திலும் ஆதாரம் வேண்டும். போர்டிங் பாஸ்களைத் திரும்பும் டிக்கெட்டோடு சேர்த்து விசா மனுவின் நகல் இருக்கும் அதே கோப்பில் போட்டுவையுங்கள்.